ஜே-1 விசாவில் இருப்பவரைக் கல்யாணம் செய்யலாமா? இரண்டு வருட விதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜே-1 என்பது பரிமாற்றத் திட்டங்களில் வருபவர்களுக்கு அமெரிக்கா தரும் விசா. பிஎச்டி முடித்து வரும் போஸ்ட்-டாக் ஆராய்ச்சியாளர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் வந்தவர், ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி செய்யும் டாக்டர், கோடை விடுமுறையில் வேலை பார்க்க வரும் கல்லூரி மாணவர் என்று பலதரப்பட்டவர்கள் இதில் வருகிறார்கள். இவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. திட்டம் முடிந்ததும் சொந்த நாட்டில் இரண்டு வருடம் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கிரீன் கார்டு. விசாவில் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும் இந்த விஷயம், பெரும்பாலும் கல்யாணப் பேச்சு வரும்போதுதான் கண்ணில் படுகிறது.

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரைக் கல்யாணம் செய்தால் இந்த விதி தானாகப் போய்விடுமா?

போகாது. அதிகம் பேர் தவறாக நம்பிக்கொண்டிருப்பது இதைத்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. குடிமக்களின் கணவன், மனைவிக்கு அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் நிறையவே விட்டுக்கொடுக்கிறது. முறையாக விசாவில் நாட்டுக்குள் வந்தவர் என்றால், பிறகு காலம் கடந்து தங்கியிருந்தாலும், அனுமதி இல்லாமல் வேலை பார்த்திருந்தாலும், அதற்காக மட்டும் அவருடைய கிரீன் கார்டு மனுவை நிராகரிப்பதில்லை. இதைக் கேள்விப்பட்டவர்கள் "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் 212(இ) என்ற பிரிவில் வரும் இந்த இரண்டு வருட விதிக்கு அந்தச் சலுகை கிடையாது.

கல்யாணம் செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. ஐ-130 என்ற உறவு மனுவைக் குடியுரிமை உள்ள கணவனோ மனைவியோ தாக்கல் செய்யலாம். அது ஏற்கப்படவும் செய்யும். அடுத்த படியான ஐ-485, அதாவது கிரீன் கார்டு விண்ணப்பம்தான் நகராது. இரண்டு வருடத்தை முடித்திருக்க வேண்டும், அல்லது வெய்வர், அதாவது விலக்கு, வாங்கியிருக்க வேண்டும். வெய்வர் கேட்கும் வழிகளில் ஒன்றைக் கல்யாணம் திறந்துவிடும் என்பது உண்மைதான். அதைக் கீழே பார்ப்போம்.

இந்த விதி எனக்கு உண்டா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று காரணங்களில் ஏதாவது ஒன்று பொருந்தினால் உண்டு. ஒன்று, உங்கள் பரிமாற்றத் திட்டத்துக்கு அமெரிக்க அரசோ உங்கள் நாட்டு அரசோ பணம் கொடுத்திருப்பது. ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை இதில் வரும். இந்திய அரசின் வெளிநாட்டு ஆராய்ச்சி உதவித்தொகையில் வந்தவர்களும் அப்படியே. இரண்டாவது, ரெசிடென்சி அல்லது ஃபெலோஷிப் என்ற பெயரில் மருத்துவப் பயிற்சிக்காக வந்திருப்பது. மூன்றாவது, 'ஸ்கில்ஸ் லிஸ்ட்' என்ற துறைப் பட்டியல். உங்கள் நாட்டுக்குத் தேவைப்படும் துறைகள் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை வைத்திருக்கும் பட்டியலில், உங்கள் நாட்டின் பெயருக்குக் கீழே உங்கள் துறையும் இருந்தால் விதி உண்டு.

இந்த மூன்றாவது காரணத்தில் பெரிய மாற்றம் வந்துவிட்டது. 2009ஆம் ஆண்டுப் பட்டியலை எடுத்துவிட்டு, 2024 டிசம்பர் 9 அன்று புதுப் பட்டியலை வெளியிட்டார்கள். அதில் இந்தியா இல்லை. சீனாவும் இல்லை. அது முன்தேதியிட்டும் செல்லும். அதாவது 2015இல் வந்தவராக இருந்தாலும் சரி, உங்களைப் பிடித்து வைத்திருந்த ஒரே காரணம் பழைய பட்டியல்தான் என்றால், இப்போது உங்களுக்கு இரண்டு வருட விதி கிடையாது. பல வருடமாகக் கல்யாணத்தையோ கிரீன் கார்டையோ தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த இந்திய ஆராய்ச்சியாளர்கள் பலருக்கு ஒரே நாளில் கதவு திறந்தது. இலங்கை, மலேசியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் நாட்டின் பெயர் 2024 பட்டியலில் இருக்கிறதா என்று நேரடியாகத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர் சொன்னதை நம்ப வேண்டாம்.

முதல் இரண்டு காரணங்களை இந்தப் பட்டியல் மாற்றம் தொடவே இல்லை. அரசுப் பணத்தில் வந்தவர், ரெசிடென்சி டாக்டர் இருவருக்கும் விதி அப்படியே நிற்கிறது.

விசாவில் "இரண்டு வருட விதி பொருந்தும்" என்று அச்சாகியிருக்கிறது. அப்படியானால் முடிந்ததா?

விசாவிலும், பரிமாற்றத் திட்டத்தை நடத்துபவர்கள் தரும் டிஎஸ்-2019 என்ற தகுதிப் படிவத்தின் கீழ்மூலையிலும் இருக்கும் குறிப்பு, தூதரக அதிகாரியின் முதல்கட்டக் கருத்து மட்டும்தான். அது தவறாக இருப்பதுண்டு. பொருந்தும் என்று போட்டு, உண்மையில் பொருந்தாமல் போவதும் உண்டு. பொருந்தாது என்று போட்டு, உண்மையில் பொருந்துவதும் உண்டு. இரண்டாவது வகைதான் ஆபத்து. "என் விசாவில் இல்லை என்றுதானே இருந்தது" என்று நேர்காணலில் சொல்லி எந்தப் பயனும் இல்லை.

சந்தேகம் இருந்தால் வெளியுறவுத் துறையின் வெய்வர் பிரிவிடம் 'அட்வைசரி ஒப்பீனியன்' கேட்கலாம். உங்களுடைய எல்லா டிஎஸ்-2019 படிவங்களின் நகலையும் அனுப்பினால், விதி உண்டா இல்லையா என்று எழுத்தில் பதில் தருவார்கள். எல்லா நகலும் என்பதைக் கவனியுங்கள். பத்து வருடத்துக்கு முன்னால் வேறொரு ஜே-1இல் அரசு உதவித்தொகை வாங்கியிருந்தால், அந்தப் பழைய விதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்தாலும் அது கரையாது. கல்யாணத் தேதி குறிக்கும் முன்பே செய்துவிட வேண்டிய வேலை இது என்பேன்.

விதி உண்டு என்றால் எதெல்லாம் கிடைக்காது?

கிரீன் கார்டு, எச்-1பி போன்ற எச் வகை வேலை விசா, ஒரே நிறுவனத்துக்குள் மாற்றலாகி வருபவருக்கான எல் வகை விசா, நிச்சயிக்கப்பட்டவருக்கான கே-1 விசா. இந்த நான்கும் கிடையாது. அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டே வேறு விசா நிலைக்கு மாறுவதும், ஒருசில விதிவிலக்குகள் தவிர, முடியாது.

சுற்றுலா விசா, மாணவர் விசா, அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான ஓ-1 ஆகியவற்றுக்கு இந்த விதி தடை இல்லை. ஆனால் வெளிநாட்டில் உள்ள தூதரகத்துக்குப் போய் முத்திரை வாங்கி வர வேண்டும்.

என் வருங்காலக் கணவர் எச்-1பியில் இருக்கிறார். எச்-4க்கு மாறிக்கொள்ளலாம் அல்லவா?

நம் ஊர்க் கல்யாணங்களில் அடிக்கடி வரும் நிலைமை இது. மாப்பிள்ளை டல்லாஸில் எச்-1பி, பெண் பாஸ்டனில் ஜே-1 போஸ்ட்-டாக். இரண்டு வீட்டாரும் "கல்யாணம் முடிந்ததும் டிபென்டென்ட் விசா போட்டுவிடலாம்" என்று பேசி முடித்துவிடுவார்கள். எச்-4உம் எச் வகைதான். விதி இருப்பவருக்கு அது கிடைக்காது, உள்ளே இருந்து மாறவும் முடியாது, சென்னைக்குப் போய் முத்திரை வாங்கவும் முடியாது. எல் விசாவில் இருப்பவரின் துணைக்கான எல்-2 கதையும் அதேதான்.

இதில் இன்னொரு சிக்கல். குடும்பத்துக்குக் கஷ்டம் என்று சொல்லி வெய்வர் கேட்க, கணவனோ மனைவியோ குழந்தையோ அமெரிக்கக் குடிமக்களாக, அல்லது கிரீன் கார்டு உள்ளவர்களாக இருக்க வேண்டும். எச்-1பி கணவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். இந்தியர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று சொல்லத் தேவையில்லை. அங்கேயே குழந்தை பிறந்து, அது குடியுரிமை பெற்ற பிறகு குழந்தையை முன்வைத்துக் கேட்கிறார்கள் சிலர். கேட்கலாம், ஆனால் குழந்தை பிறந்ததே காரணமாகிவிடாது. அந்தக் குழந்தைக்கு என்ன கஷ்டம் என்று காட்ட வேண்டும்.

சரி, இப்படிப்பட்ட ஜோடிக்கு நான் முதலில் சொல்வது, பெண்ணுக்கு விதி இருப்பது அந்தப் பழைய பட்டியலால் மட்டும்தானா என்று பாருங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிட வாய்ப்பு இருக்கிறது.

இரண்டு வருடத்தைத் தொடர்ச்சியாக இருக்க வேண்டுமா? வேறு நாட்டில் இருந்தால் கணக்கில் வருமா?

தொடர்ச்சி தேவையில்லை, எல்லாவற்றையும் கூட்டி இரண்டு வருடம் வந்தால் போதும். ஜே-1 காலத்துக்கு நடுவில் ஊருக்கு வந்து தங்கிய நாட்களைக்கூடச் சிலர் கணக்கு வைத்துக் காட்டுகிறார்கள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அதிகாரியைப் பொறுத்தது, அதனால் அதை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம்.

மூன்றாம் நாடு கணக்கில் வராது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இரண்டு வருடம் வேலை பார்த்தது இதற்கு உதவாது. பிறகு கனடாக் குடியுரிமை வாங்கினாலும் விதி மாறாது. ஜே-1 வாங்கிய நேரத்தில் எந்த நாட்டில் நிரந்தரமாக வசித்தீர்களோ அந்த நாடுதான். ஆகவே இலங்கை பாஸ்போர்ட்டோடு கனடா நிரந்தர வசிப்புரிமையில் டொராண்டோவில் இருந்து ஜே-1இல் போனவருக்குப் பொதுவாகக் கனடாவே சொந்த நாடாக எண்ணப்படும்.

இருந்ததற்கு ஆதாரம் சேர்த்து வையுங்கள். பாஸ்போர்ட்டில் வந்த, போன முத்திரைகள், வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் பின்னால் கேட்பார்கள்.

வெய்வருக்கு எத்தனை வழிகள்? கல்யாணம் ஆனவர்களுக்கு எது பொருத்தம்?

சட்டத்தில் ஐந்து வழிகள். சொந்த நாட்டு அரசின் ஆட்சேபனையின்மைக் கடிதம், அமெரிக்க அரசுத் துறை ஒன்றின் பரிந்துரை, துன்புறுத்தலுக்கு உள்ளாவோம் என்ற அச்சம், குடும்பத்தின் அசாதாரணக் கஷ்டம், டாக்டர்களுக்கான கான்ராட் திட்டம். துன்புறுத்தல் என்பதில் இனம், மதம், அரசியல் கருத்து என்ற மூன்று காரணங்கள்தான் செல்லும். புகலிடச் சட்டத்தைவிடக் குறுகலானது.

கல்யாணம் ஆனவர்கள் எல்லோரும் 'கஷ்டம்' என்ற வழிக்கே ஓடுகிறார்கள். அது தேவையில்லை. ஆட்சேபனையின்மை வழி திறந்திருந்தால் அதுதான் சுலபம். அதில் கணவன், மனைவி யாரென்றே யாரும் பார்ப்பதில்லை. டிஎஸ்-3035 படிவம், 120 டாலர் கட்டணம், உங்கள் காரணத்தைச் சொல்லும் ஒரு கடிதம், அப்புறம் உங்கள் அரசின் கடிதம். இந்தக் கடிதத்தை நீங்கள் கையில் வாங்கி அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். வாஷிங்டனில் உள்ள உங்கள் நாட்டுத் தூதரகம் நேரடியாக வெளியுறவுத் துறைக்கு அனுப்ப வேண்டும்.

இந்தியர்களுக்கு இதற்கு 'நோரி' சான்றிதழ் என்று பெயர். இந்தியாவுக்குத் திரும்ப வேண்டிய கடமை இல்லை என்பதற்கான சான்று. மத்திய அரசிடமிருந்தும், நீங்கள் சேர்ந்த மாநில அரசிடமிருந்தும் ஒப்புதல் வந்த பிறகுதான் தூதரகம் கடிதம் தரும். கோப்பு மேசை மேசையாக நகர்வதற்கு மாதங்கள் ஆகலாம். ஊரில் அப்பாவோ மாமாவோ நேரில் போய் விசாரிக்க ஆள் இருந்தால் கொஞ்சம் வேகம் கூடும் என்பது எல்லோரும் அறிந்ததுதான்.

இந்த வழி டாக்டர்களுக்கு மூடியிருக்கிறது. மருத்துவப் பயிற்சிக்கு வந்தவர்கள் ஆட்சேபனையின்மைக் கடிதத்தால் வெய்வர் பெறச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஃபுல்பிரைட் போல அமெரிக்க அரசின் பணத்தில் வந்தவர்கள் விண்ணப்பிக்கலாம், ஆனால் வெளியுறவுத் துறை பெரும்பாலும் பரிந்துரைக்காது. பணம் கொடுத்தது அவர்கள்தானே, சொந்த அரசு ஆட்சேபிக்கவில்லை என்பது அவர்களுக்குப் பெரிதாகப் படாது. இந்திய அரசின் பணத்தில் வந்தவர்களுக்குக் கதை வேறு. உதவித்தொகையோடு கையெழுத்திட்ட பாண்டு ஏதும் இருந்தால் முதலில் அந்தக் கணக்கை முடித்துக்கொள்வது நல்லது.

'அசாதாரணக் கஷ்டம்' என்பதை எப்படி நிரூபிப்பது?

இதற்கு ஐ-612 படிவத்தைக் குடியேற்றத் துறையிடம் கொடுக்க வேண்டும். பார்ப்பது உங்களுடைய கஷ்டத்தை அல்ல. குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ள கணவன், மனைவி, குழந்தையின் கஷ்டத்தை மட்டும்தான். "ஊரில் எனக்கு வேலை கிடைக்காது" என்று பக்கம் பக்கமாக எழுதுவது வீண். அதையே "எனக்கு வேலை கிடைக்காவிட்டால் என் மனைவியின் சிகிச்சைக்கு என்ன ஆகும்" என்று அவர் பக்கமிருந்து காட்டினால் அது கணக்கில் வரும்.

இரண்டு நிலைமைகளையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். அவரும் உங்களோடு ஊருக்கு வந்தால் என்ன கஷ்டம்? அவர் அமெரிக்காவிலேயே இருந்து நீங்கள் மட்டும் போனால் என்ன கஷ்டம்? ஒன்றில் நன்றாக எழுதி, இன்னொன்றில் கோட்டைவிட்ட மனுக்கள் தோற்பது சகஜம். இரண்டு வருடம் பிரிந்திருப்பது வேதனைதான். ஆனால் அது எல்லாத் தம்பதிக்கும் வருவது, சட்டம் எதிர்பார்த்ததே அதுதான் என்பது அதிகாரிகளின் நிலை. 1965ஆம் ஆண்டு முதல் குடியேற்றத் தீர்ப்புகளில் இந்தக் கருத்து திரும்பத் திரும்ப வருகிறது.

எடுபடுவது எது? தொடர் சிகிச்சை தேவைப்படும் நோய், அதை அங்குள்ள டாக்டரே எழுதித் தரும் விரிவான கடிதம். சிறப்புக் கல்வி பெறும் குழந்தை. முந்தைய திருமணத்தில் பிறந்த குழந்தையை நாட்டைவிட்டு அழைத்துப்போக முடியாதபடி நீதிமன்றத்தின் காவல் உத்தரவு. இந்த கடைசி ஒன்று வலுவானது. அந்த அமெரிக்கத் தாயோ தந்தையோ குழந்தையை விட்டுவிட்டு உங்களோடு வர வேண்டும், இல்லையென்றால் உங்களைப் பிரிய வேண்டும் என்ற நிலையை ஒரே காகிதம் காட்டிவிடுகிறது. வீட்டுக்கடன், கல்விக்கடன் எல்லாம் துணையாக நிற்கும். தனியாக நின்று ஜெயிப்பது அரிது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்பதால் சின்னச் சின்ன ஆதாரங்களையும் விட்டுவிடாதீர்கள்.

குடியேற்றத் துறை கஷ்டம் உண்டு என்று ஒப்புக்கொண்டாலும் வேலை முடியாது. கோப்பு வெளியுறவுத் துறைக்குப் போகும். உங்கள் குடும்பத்தின் கஷ்டத்தையும் பரிமாற்றத் திட்டத்தின் நோக்கத்தையும் அவர்கள் எடைபோடுவார்கள். அங்கே பரிந்துரை மறுக்கப்பட்டால் மேல்முறையீடு கிடையாது. மற்ற படிகளை நீங்களே செய்துகொள்ளலாம் என்றாலும், இந்த ஒன்றுக்கு அனுபவமுள்ள குடியேற்ற வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம் தகும்.

நான் ரெசிடென்சியில் இருக்கும் டாக்டர். மனைவி அமெரிக்கக் குடிமகள். என்ன செய்வது?

கஷ்ட வழியில் போதிய காரணம் இருந்தால் முயலலாம். இல்லையென்றால் கான்ராட் 30 திட்டம். வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் பெயரால் 1994இல் வந்தது. முதலில் ஒரு மாநிலம் வருடத்துக்கு 20 டாக்டர்களுக்கு வெய்வர் பரிந்துரைக்கலாம் என்று இருந்தது, 2002இல் அது 30 ஆனது. அதற்குப் பதிலாக, டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் எச்-1பியில் மூன்று வருடம் முழுநேரம் வேலை பார்க்க வேண்டும். வெய்வர் வந்த 90 நாளுக்குள் சேர வேண்டும். சில மாநிலங்களில் 30 இடமும் சீக்கிரமே நிரம்பிவிடும், சிலவற்றில் வருடக் கடைசி வரை காலியாக இருக்கும். எந்த மாநிலம் என்பதை ரெசிடென்சியின் கடைசி வருடம் தொடங்கும் முன்பே பார்க்க வேண்டும். முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகள், அப்பலாச்சியப் பகுதி ஆணையம் போன்ற அரசு அமைப்புகளின் பரிந்துரையில் வெய்வர் வாங்கும் வழியும் உண்டு.

மனைவி குடிமகள் என்பதால் இந்த மூன்று வருடம் குறையாது. அதை முடிக்கும்வரை கிரீன் கார்டு கிடைக்காது. அதற்குள் வேலையை விட்டால் இரண்டு வருட விதி மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கணவர் ஜே-1, நான் ஜே-2. எனக்கும் விதி உண்டா? விவாகரத்து ஆகிவிட்டால்?

ஜே-2 என்பது ஜே-1இல் வருபவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தரும் விசா. அவருக்கு விதி உண்டென்றால் உங்களுக்கும் உண்டு. அவருக்கு வெய்வர் கிடைத்தால் உங்களுக்கும் சேர்த்துத்தான். விவாகரத்து ஆனாலோ கணவர் இறந்துவிட்டாலோ விதி தானாக விலகாது. பெற்றோரோடு ஜே-2இல் வந்த பிள்ளைக்கு 21 வயதானாலும் அப்படியே. ஆனால் இந்த மூன்று நிலைமைகளிலும் வெளியுறவுத் துறையே தனியாக உங்கள் மனுவைப் பரிசீலிக்க வழி வைத்திருக்கிறது, எனவே நம்பிக்கை இழக்க வேண்டாம். ஜே-2 நிலையை ஒருநாளும் எடுக்காமல், கல்யாணம் செய்தும் வேறு விசாவிலேயே இருந்தவருக்கு விதி ஒட்டாது.

வெய்வருக்கு எப்போது விண்ணப்பிப்பது நல்லது?

அவசரப்படுவதும் தவறாகலாம். வெளியுறவுத் துறை சாதகமாகப் பரிந்துரைத்துவிட்டால், அதற்குப் பிறகு ஜே-1ஐ நீட்டிக்க முடியாது. இன்னும் இரண்டு வருட ஆராய்ச்சி பாக்கி இருப்பவர் முதலில் டிஎஸ்-2019ஐ முடிந்தவரை நீட்டித்துக்கொண்டு, பிறகு வெய்வர் கேட்பது வழக்கம். ஐ-130 போட்டுவிட்டு ஊருக்குப் போய் ஜே-1 முத்திரையைப் புதுப்பிக்க நினைப்பதும் வம்பு. திரும்பிப் போகிறேன் என்று சொல்லி வாங்குவது ஜே-1. நிரந்தரமாகத் தங்கக் கேட்கும் மனு அப்போது கணினித் திரையில் தெரியும்.

24 மாதத் தடை என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பேராசிரியராகவோ ஆராய்ச்சியாளராகவோ ஜே-1 முடித்தவர் மறுபடி அதே வகையில் வர 24 மாதம் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். கல்யாணத்துக்கும் கிரீன் கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எதற்காக இப்படி ஓர் இரண்டு வருட விதி?

வந்து கற்றவர்கள் திரும்பிப் போய்த் தங்கள் நாட்டுக்குப் பயன்பட வேண்டும் என்பதுதான் நோக்கம். 1956இல் வந்தது. ஆரம்பத்தில் பரிமாற்றத் திட்டத்தில் வந்த எல்லோருக்குமே உண்டு. 1970இல்தான் அரசுப் பணம், துறைப் பட்டியல் என்று சுருக்கினார்கள். 1976இல் டாக்டர்களைச் சேர்த்தார்கள். பட்டியலை ஒருநாளில் மாற்றி ஒரு நாட்டையே விடுவிக்க முடிகிறதென்றால், மிச்சமிருப்பவர்களிடம் மட்டும் இத்தனை கறாராக இருப்பது ஏன் என்று எனக்கும் கேட்கத் தோன்றும்.

பேசாமல் ஊருக்கே போய் இரண்டு வருடத்தை முடித்துவிடலாமா?

பலருக்கு அதுதான் நல்ல வழி, ஏனோ யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஐ-130ஐ முன்பே போட்டுவிடலாம். இரண்டு வருடம் ஓடும்போதே அதுவும் நகரும். முடிந்ததும் குடியேற்ற விசா நேர்காணல் மும்பையில் நடக்கும். சென்னைத் தூதரகம் குடியேற்ற விசாவைக் கையாள்வதில்லை. அமெரிக்கத் துணைவரும் இந்தியாவுக்கு எக்ஸ் வகை நுழைவு விசாவில் வந்து தங்கலாம். கல்யாணத்தைப் பதிவு செய்து இரண்டு வருடம் ஆனபின் வெளிநாட்டுக் குடியுரிமையோடு இந்தியாவில் தங்க உதவும் ஓசிஐ அட்டைக்கும் அவர் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் கல்யாணம் செய்தால் கோவில் ரசீதோடு நிறுத்தாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து சான்றிதழ் வாங்குங்கள். இரண்டு நாட்டு வேலைக்கும் அதுதான் கேட்பார்கள்.

அந்த இரண்டு வருடத்தில் அவரைப் பார்க்க அமெரிக்கா போய் வரலாமா?

சுற்றுலா விசா கிடைத்தால் போகலாம், விதி தடுக்காது. ஆனால் அங்கே இருக்கும் நாட்கள் இரண்டு வருடக் கணக்கில் சேராது. அமெரிக்கக் கணவனோ மனைவியோ இருப்பவருக்குச் சுற்றுலா விசா தர அதிகாரிகள் தயங்குவார்கள் என்பதால், அவர் இங்கே வந்து போவதே பெரும்பாலும் செலவும் குறைவு, அலைச்சலும் குறைவு.